மூன்றாவது சிஸ்டம் நின்றுபோன வெள்ளிக்கிழமை

வேம்பங்குறிச்சி கேம்ஸ் சென்டரில் மூன்றாவது சிஸ்டம் நின்றுபோன அதே நேரத்தில், நான்கு வருடமாக ஊர்ப்பக்கமே வராத அறிவழகன், கடைத்தெருவில் ஷேர் ஆட்டோக்கள் திரும்புகிற முனையில், கைலியும் பனியனுமாக, வெறுங்காலோடு, காதில் ஹெட்போன் மாட்டியபடி வந்து நின்றான். ஹெட்போனின் வயர் அவன் மார்பு வரைக்கும் தொங்கி, அங்கிருந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தவர்களுக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். "ஹலோ, இளவரசி, கேக்குதா, ஹலோ" என்று சொல்லிக்கொண்டு நின்றான். எதிரில் பூக்கட்டிக்கொண்டிருந்த ரமணி நிமிர்ந்து பார்த்து, "அறிவு வந்திருக்குது போல" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பூவைக் கட்டினாள்.

வேம்பங்குறிச்சியின் வெள்ளிக்கிழமை மதியங்களைத் தெரியாதவர்களுக்கு இது கொஞ்சம் விளங்காமல் போகலாம். ஊரில் வீட்டுக்கு ஒரு ஆண் வளைகுடா நாடு ஒன்றில் வேலை பார்த்தான், அந்த நாட்டிலோ செய்தி அனுப்பினால் போகும், படம் அனுப்பினால் போகும், ஆள் வாயைத் திறந்து பேசினால் மட்டும் எந்தச் செயலியிலும் போகாது. கார்டு போட்டுப் பேசலாம் என்றால் நலம் விசாரிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடும். இப்படி ஊமைப்படம் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான், பையன்கள் விளையாடுகிற துப்பாக்கி விளையாட்டு ஒன்றை ஒரு பக்கம் ஓடவிட்டு, விளையாடுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சாஃப்ட்வேரை இன்னொரு பக்கம் திறந்து வைத்தால், அந்த நாட்டுக் காவல்காரர்கள் இது ஏதோ சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைத்துக் குரலை விட்டுவிடுகிறார்கள் என்பதை எவனோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தான். விளையாட்டை மூடினால் அடுத்த நிமிடமே குரலும் போய்விடும். ஆகவே ஊர்ப் பெண்கள் விளையாடக் கற்றுக்கொண்டார்கள். அங்கே விடுமுறையான வெள்ளிக்கிழமை மதியம், பிரிட்டோ நடத்துகிற கேம்ஸ் சென்டருக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த ஈரக்கையோடு வந்து உட்கார்ந்து, விமானத்திலிருந்து குதித்து, குடையை விரித்து இறங்கி, சுடுகிறவர்கள் வராத மூலையில் பாழடைந்த வீடொன்றைத் தேடிப் பிடித்து, கணவனும் மனைவியுமாக அதன் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டு, பெண்ணுக்குப் பல் விழுந்ததையும் போர்க்கிணறு வற்றியதையும் கொழுந்தன் சண்டை போட்டதையும் பேசினார்கள். சும்மா நின்றால் விளையாட்டு ஆளை வெளியே தள்ளிவிடும் என்பதால் பேசிக்கொண்டே குளியலறையைச் சுற்றிச்சுற்றி ஓடினார்கள். எவனாவது வந்து சுட்டுவிட்டால், செத்தவர்கள் மறுபடி விமானம் ஏறிக் குதித்து, குடும்பத்தைப் பாதியிலிருந்து பேசினார்கள்.

அறிவழகனின் மனைவி இளவரசி இந்த விளையாட்டில் கெட்டிக்காரி இல்லை, ஆனால் விடாதவள். கல்யாணமாகி ஒரு பொங்கல் அவனோடு கொண்டாடியிருக்கிறாள். அவன் போனபோது வயிற்றிலிருந்த பெண்ணுக்கு யாழினி என்று பேர் வைத்தார்கள், அவள் இப்போது பால்வாடிக்குப் போகிறாள். அப்பனும் மகளும் நேரில் பார்த்துக்கொண்டது கிடையாது. ஒவ்வொரு வருடமும் லீவு கிடைக்கும் என்பான், கிடைக்காது. அந்த வெள்ளிக்கிழமை, இளவரசி மூன்றாவது சிஸ்டத்தில் உட்கார்ந்து குளியலறையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவன், "ஒரு விஷயம் சொல்லணும் இளவரசி, லீவு விஷயம்" என்றான், அவ்வளவுதான், படம் உறைந்தது, காதுக்குள் ஒரு இரைச்சல் எழுந்து அடங்கியது, திரை முழுக்க நீலமாகிவிட்டது. அவள் பிரிட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தெருவிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்து, "ஒன் வூட்டுக்காரர் முனையில நிக்கிறாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளிநாட்டிலிருந்து வந்தவனைப் போய்ப் பார்க்காமல் இருப்பது வேம்பங்குறிச்சியில் மரியாதை இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஊரே வந்து அவனைப் பார்த்து, "எப்ப வந்தே, எத்தன நாளு லீவு" என்று கேட்டது. அவன் யாரையும் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் அந்தக் கண் வேறு ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டால் உடம்பு சுட்டது, ஆனால் நான்கு பேர் சேர்ந்து தூக்கினாலும் அசையவில்லை. அவன் கையில் பெட்டியோ பையோ இல்லாததுதான் ஊருக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. ஒரு சென்ட் பாட்டில்கூட இல்லாமல் வெறுங்கையோடு வந்துவிட்டானே, அங்கே என்ன கஷ்டமோ என்று சிலர் உண்மையாகவே கண் கலங்கினார்கள்.

பிறகு ஊர் அவனுக்குப் பழகிக்கொண்டது. பழகுவதில் வேம்பங்குறிச்சியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆட்டோக்காரர்கள் அவனுக்கு இந்தப் பக்கம் வளைந்துகொண்டிருந்ததை விட்டு அந்தப் பக்கம் வளைந்தார்கள், காவல் நிலையத்திலிருந்து இரும்புத் தடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் போட்டார்கள், பேரூராட்சி ஊழியர் சுண்ணாம்பில் ஒரு வட்டம் வரைந்தார், ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் "அறிவு முனை ஒண்ணு" என்று சொல்லி இறங்கினார்கள். மழை வந்த அன்று யாரோ ஒரு குடையை அவன் விரலுக்குள் செருகி வைத்தார்கள். ஒரு காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்ட வந்தவர்கள் ஒரு முனையை மின்கம்பத்திலும் மறுமுனையை அவன் தோளிலும் கட்டிவிட்டு, விழா முடிந்ததும் ஒழுங்காக அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அவன் ஹலோ, கேக்குதா என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். யாழினி அவனுக்கு முன்னால் நின்று, தன்னைத்தான் கேட்கிறான் என்று நினைத்து, அவன் கேட்கும்போதெல்லாம் "கேக்குதுப்பா" என்று பதில் சொன்னாள். அவன் மறுபடி கேட்டான், அவள் மறுபடி சொன்னாள், அப்பா காது மந்தம் என்று பால்வாடியில் போய்ச் சொன்னாள்.

இளவரசி முதல் இரண்டு மூன்று நாள் சந்தோஷமாக இருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, ஆனால் உண்மை அதுதான். ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் போட்டு, தைக்க வந்த ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊர் பார்க்க அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் வைத்தே மாமியார் எதிரில் அவன் பக்கம் உட்காராதவள், நடுத்தெருவில் அவன் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். அவன் கழுத்தில் நான்கு வருடத்துக்கு முன்பு இல்லாத ஒரு தழும்பு இருந்தது, அதை அவன் எந்த வெள்ளிக்கிழமையும் சொன்னதில்லை.

அப்புறம் அவன் காறையெலும்பு தெரிய ஆரம்பித்தது. கஞ்சியை ஊட்டினால் தாடை வழியாக வழிந்தது, தண்ணீரை ஊற்றினால் பனியன் நனைந்தது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். ஊசி ஏறியது, பாட்டில் அப்படியே இருந்தது. "ஆளு இங்க இருக்காரும்மா, வாயி அங்க இருக்குது" என்றார் டாக்டர். "அங்க போனாத்தான் திங்க முடியும். சீக்கிரம் அனுப்பப் பாருங்க, நாடி எறங்கிக்கிட்டே வருது." அதே நாளில் அவனோடு அறையில் தங்கியிருந்த மன்னார்குடிக்காரரிடமிருந்து செய்தி வந்தது. கட்டிலில் அறிவைக் காணோம், லேப்டாப் மட்டும் உறைந்துபோய்க் கிடக்கிறது, இன்னும் சில நாளில் வரவில்லையென்றால் ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவேன் என்கிறான் சூப்பர்வைசர் என்று அதில் இருந்தது.

இளவரசி ஸ்டூலை எடுத்துக்கொண்டு நேராக சென்டருக்குப் போனாள். "தம்பி, அவர அனுப்பி வச்சுடு" என்றாள் பிரிட்டோவிடம். நான்கு வருடமாக அவன் வர வேண்டும் என்று விளக்குப் போட்ட பெண், அவனைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிரிட்டோ பாவம், தூங்கி நாளாகியிருந்தது. முதல் காரியமாக அவன் வேறொரு சிஸ்டத்தில் அவள் பேரைப் போட்டுத் திறந்து பார்த்திருந்தான். நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள் என்று அது சொல்லிவிட்டது. ஆகவே மூன்றாவது சிஸ்டம்தான், வேறு வழியில்லை. அதன் பெட்டியைத் திறந்து, ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழிக்கிற ரப்பரால் அதன் பித்தளைப் பல்லையெல்லாம் தேய்த்து மாட்டினான். தூசியை ஊதினான். பிராசஸரின் தலையில் பசை தடவினான். பவர் சப்ளையை மாற்றினான். சவுண்டு டிரைவரைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டான், பழையதைப் போட்டான், அதற்கும் பழையதைப் போட்டான். விளையாட்டின் மேல் மூலையில் யார் பேசுகிறார்கள் என்று காட்டுகிற சின்னக் கட்டத்தை அணைத்தான். விளையாட்டைத் தனியாக ஓட்டினால் ஓடியது, பேசுகிற சாஃப்ட்வேரைத் தனியாகத் திறந்தால் திறந்தது, இரண்டையும் சேர்த்தால் எண்ணி நாலு மூச்சு விடுவதற்குள் நீலம். தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் போனில், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்று என்றார். "எத அழிக்கிறப்ப அண்ணன் அழிவாருன்னு தெரியலக்கா, அத மட்டும் நான் செய்ய மாட்டேன்" என்றான் பிரிட்டோ. ஊருக்கு வெளியே வேப்பிலை வைத்து மந்திரிக்கிறவரை ஒருத்தர் கூட்டிவந்தார், அவரும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் பிரிட்டோ விளையாட்டை மூடிவிட்டு, பேசுகிற சாஃப்ட்வேரை மட்டும் திறந்து, "அண்ணன் இப்ப இங்கதான நிக்கிறாரு, எதாச்சும் கேக்குதா பாருங்கக்கா" என்று ஹெட்போனை இளவரசியிடம் நீட்டினான். அவள் மாட்டினாள். அவன் குரல் கேட்டது, ஹலோ, கேக்குதா. அவனுக்குப் பின்னால் டவுன் பஸ் ஹார்ன் அடித்தது. டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. அவன் மைக் வழியாகக் கடைத்தெரு முழுவதும் அவள் காதுக்குள் வந்து இறங்கியது. இவள் கூப்பிட்டது மட்டும் அவனுக்குப் போகவில்லை.

கூப்பிட்டு ஓய்ந்து அவள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தபோது, ரமணியின் குரல் வந்தது. "பிரிட்டோ சரி பண்ணிடுவான் போலருக்கு. அதுக்கு முந்தி எங்க வூட்டுக்காரரு மாத்திரை திருவாரூர்லேருந்து வந்து சேரணுமே. மாரியாத்தா, அது வர்ற வரைக்கும் அந்தப் பொட்டி ஓடக் கூடாது."

"அறிவு ஒடம்பு தாங்குமாக்கா" என்றது இன்னொரு குரல்.

"இத்தன நாளு தாங்குன ஒடம்பு, இன்னும் ரெண்டு நாளு தாங்காதா."

ரமணி கெட்டவள் இல்லை. அவள் புருஷனுக்குச் சர்க்கரையும் உண்டு, அழுத்தமும் உண்டு, அந்த மாத்திரை அங்கே கிடைக்காது, போகிறவர் கையில்தான் கொடுத்தனுப்ப வேண்டும். இந்தப் பேச்சுகள் ஓய்ந்த பிறகு இளவரசியின் காதுக்குள் ரொம்பப் பக்கத்தில் இன்னொரு குரல் வந்தது, மைக்கில் வாய் படுகிற அளவுக்குப் பக்கத்தில். அது அவள் மாமியார் சரோஜா. "போயிடாதடா. இப்பிடியே நின்னாலும் சரி. சோறு திங்காட்டியும் சரி. எங்கண்ணுல பட்டுக்கிட்டு இருடா."

இளவரசி ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதாள். மாமியார் சொன்னதைக் கேட்டு அழவில்லை, தானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதற்காக அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் எப்படியும் ஓட்டிக் காட்டுகிறேன் என்று பிரிட்டோ சொன்ன சேதி பரவியதும், வேம்பங்குறிச்சி தன் வழக்கத்தைத் தொடங்கிவிட்டது. ஒருத்தன் திரும்பிப் போகிறான் என்றால், அங்கே ஆள் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம் அவன் வீட்டுக்கு வரும், அதை அவன் மறுக்கக் கூடாது. தன் சொந்தத் துணியை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஊரான் பொட்டலத்தை அடுக்கிக்கொண்டு போனவர்கள்தான் அங்கே எல்லாரும். பெட்டி இல்லாததால் அவன் மேலேயே மாட்டினார்கள். பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், மணம் வெளியே வராமல் ஏழெட்டு கவருக்குள் சுற்றிய கருவாடு, குக்கர் காஸ்கெட், முறுக்குத் தூக்கு, தாயத்து, மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, பிறந்த குழந்தையின் படம், ரமணி வீட்டு மாத்திரை. தோளில் மாட்டினார்கள், கழுத்தில் தொங்கவிட்டார்கள், இடுப்பில் கயிறு கட்டி அதில் கோத்தார்கள், ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் பெயர் எழுதினார்கள். இளவரசியும் மோர்மிளகாய் வறுத்து ஒரு பொட்டலம் கட்டி வைத்தாள். போகிற மனுஷனை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்றுதான் அவளும் நினைத்தாள்.

அந்த மதியம் பிரிட்டோ பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்து, வீட்டிலிருந்து டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதற்குள் ஊதவிட்டான். விளையாட்டில் குறைக்க முடிந்ததையெல்லாம் குறைத்தான். மரங்கள் பச்சைக் கட்டிகளாயின, வானம் சாம்பல் துணியானது, ஆட்களுக்கு முகம் போய்விட்டது. விளையாட்டைத் திறந்தான், உறையாமல் ஓடியது. பேசுகிற சாஃப்ட்வேரைத் திறந்தான், அதுவும் ஓடியது. இரண்டும் சேர்ந்து ஓடியதைப் பார்த்து அவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

கடைத்தெருவில் அறிவழகன் வெளுக்கத் தொடங்கினான். அவன் மார்பு வழியாகப் பின்னாலிருந்த பாத்திரக்கடைப் பலகை வாசிக்கும்படி தெரிந்தது. ஆனால் பொட்டலங்கள் வெளுக்கவில்லை. முறுக்குத் தூக்கு தூக்காகவே இருந்தது, ஊறுகாய் ஊறுகாயாகவே இருந்தது, அவை அவனைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. அவன் போகப் பார்த்துப் போக முடியாமல் முழங்கால் மடங்கினான். சென்டரில் ஃபேன் அலறியது, நீலம் வந்தது. தெருவில் அவன் மறுபடி கெட்டியானான், ஒரு தோள் இறங்கிப்போய், மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

பார்த்தவர்கள் ஓடிவந்து சொன்னார்கள். பிரிட்டோ பெட்டிக்குள் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தான். "இன்னொரு தடவ இப்பிடிச் சூடேறுச்சுன்னா போர்டு போயிடும்க்கா. ஒரு தடவதான் ஓட்ட முடியும். அதுக்குள்ள அவர வெறும் ஆளா ஆக்கி வைங்க."

இளவரசி முனைக்குப் போய், அவங்கவங்க பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவும் எடுக்க வேண்டியதுதான் என்றார்கள், தங்களுடையது மட்டும் ரொம்பச் சின்னது, அது ஒன்று இருந்தால் கெட்டுப்போகாது என்றார்கள். காஸ்கெட் காற்று மாதிரி என்றார் ஒருத்தர். தாயத்துக்கு ஏதும்மா கனம் என்றார் இன்னொருத்தர். ஆளாளுக்கு அடுத்தவர் முறுக்கைக் காட்டினார்கள். அவன் மூக்கு ரத்தம் பனியனில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் தன்னுடைய மோர்மிளகாயை முதலில் பிய்த்துத் தரையில் போட்டாள். அப்புறம் கைக்கு வந்ததையெல்லாம் அவிழ்த்தாள், அவிழாததைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊர் அப்படியே நின்று பார்த்தது. மாத்திரைப் பொட்டலத்தில் கை வைத்தபோது ரமணி அவள் கையைப் பிடித்தாள்.

"அது எங்க ஆளு உசுருடி. நீ குடுத்து உட்ட கல்யாண ஆல்பத்த எங்காளு தலையில வச்சுச் சொமந்துட்டுப் போவல?"

"சொமந்தாருக்கா. இல்லைங்கல."

"இப்ப நீ இதக் கீழ போட்டா, இனிமே ஒம் பொட்டலத்த இந்த ஊருல ஒரு ஆம்பள தொட மாட்டான். ஒம் மவ படம்கூட அங்க போவாது."

"சரிக்கா" என்றாள் இளவரசி. சொல்லிவிட்டு மாத்திரையை எடுத்துக் கீழே போடாமல் ரமணியின் கையில் வைத்தாள். ரமணி அதை மடியில் செருகிக்கொண்டாள்.

கடைசியில் அவன் மேல் பொட்டலம் ஒன்றும் இல்லை. மாமியார் மட்டும் அவன் இடது கையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அத்தை, உடுங்க."

"நீ உட்டுட்டியா?"

"இல்ல" என்றாள் இளவரசி. பிறகு மாமியாரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வேலை செய்து காய்த்த விரல்கள், சுலபத்தில் பிரியவில்லை. பிரித்த கையை ரமணி வந்து வாங்கிக்கொண்டு, கோபம் ஆறாத முகத்தோடேயே அந்தக் கிழவியைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

இளவரசி சென்டருக்கு ஓடினாள். குரல் பக்கம் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் அவன் போய்ச் சேருவான் என்று பிரிட்டோ சொல்லியிருந்தான். அதனால் அவன் போனதை ஊரே பார்த்தது, அவள் பார்க்கவில்லை. அவள் ஹெட்போனுக்குள் கடைத்தெரு கேட்டுக்கொண்டிருந்தது, பஸ், டீ, மாமியாரின் அழுகை, யாழினி யாரையோ "எங்கப்பா ஏன் கண்ணாடி மாதிரி இருக்காரு" என்று கேட்பது. பிறகு அவ்வளவும் ஒரேயடியாக நின்றது. ஒன்றும் இல்லாத அந்த இடத்தில் மெல்ல ஒரு ஏ.சி. இரைகிற சத்தம் வந்தது. முகமில்லாத இரண்டு பேர் சாம்பல் வானத்தின் கீழே ஒரு குளியலறையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் ஒரு விரலால் தட்டித் தன் ஆளை ஓடவிட்டாள்.

"ஹலோ" என்றான் அறிவழகன். "ஆங், இப்ப கேக்குது. லைன் கட்டாயிடுச்சு பாத்தியா. ரெண்டு நிமிஷமா தொண்ட வத்தக் கத்துறேன்."

"தண்ணி குடிங்க" என்றாள் அவள். "மொதல்ல தண்ணி குடிங்க. மெதுவாக் குடிங்க."

"என்னமோ ஒரே கிறுகிறுன்னு வருது. மூக்குல ரத்தம் வேற. இந்தச் சூடு ஒத்துக்கல." பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. அவன் குடித்தான். ஒவ்வொரு மிடறும் தொண்டையில் இறங்குவதை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், தெருவில் எத்தனையோ தம்ளர் ஊற்றியும் இறங்காத தண்ணீர். ரூமில் யாரும் இல்லை, எல்லாரும் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்கள் போல என்றான். அவர்கள் வந்தால் அவன் காணாமல் போயிருந்த நாட்களைச் சொல்வார்கள். சொன்னாலும் அவன் நம்ப மாட்டான்.

"எங்க உட்டேன்? ஆங், லீவு. இல்லன்னுட்டான் இளவரசி. ஆளு பத்தலையாம். இன்னும் ரெண்டு வருசம் பாரு, அப்பறம் மொத்தமா அனுப்புறேன்ங்கிறான். மொத்தமான்னா எத்தன வருசம்னு நான் கேக்கல."

"சரிங்க."

"பாப்பா எப்பிடி இருக்கா? எம் மூக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. படத்துல பாத்து எனக்கு ஒண்ணும் புடிபடல. நேர்ல பாத்தாத்தான் தெரியும்."

"ஒங்க மூக்குதாங்க. பக்கத்துல வச்சுப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாக அவன் எடுத்துக்கொண்டான்.

"கடத்தெருவு எப்பிடி இருக்குது? கண்ணால பாத்து நாலு வருசம் ஆயிடுச்சு. சொன்னா சிரிப்ப, எனக்கு வேற ஒண்ணும் வேணாம், அந்த முனையில ஒரு பத்து நிமிசம் நின்னுட்டு வந்தாப் போதும்."

மூன்றாவது சிஸ்டத்தின் சுவிட்சு அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது, சிவப்பு விளக்கோடு. அதை ஒரு தடவை அழுத்தினால் நீலம்கூட வராது, திரை கறுப்பாகும், அவன் மறுபடி முனையில் வந்து நிற்பான், கை சுடச்சுட. அப்புறம் இந்தப் பெட்டி ஒருநாளும் எழுந்திருக்காது. அவளுக்கு அது தெரியும். தெரிந்தே அவள் கை மேஜையிலிருந்து இறங்கி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அவள் மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்தாள். "தம்பி பிரிட்டோ" என்றாள் மெதுவாக, "நீ இங்க வந்து உக்காரு. இந்தச் சுவிட்சுகிட்ட உக்காரு. எங்கைய நம்பாத."

பிரிட்டோ அவளைப் பார்த்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவிட்சைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

"யாருகிட்ட பேசுற?" என்றான் அறிவழகன்.

"யாருமில்லைங்க, நீங்க சொல்லுங்க" என்றாள் இளவரசி, குளியலறையைச் சுற்றி ஓடிக்கொண்டே.